தர்மராஜா மாஸ்டரின் மௌன விரதம்

தர்மராஜா மாஸ்டருக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. நான் அவரைக் குறை சொல்லவில்லை. இருபது வருடம் ஒரே ஸ்டாஃப் ரூமில் அவருக்கு எதிர் மேசையில் இருந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். நான் கணிதம் படிப்பிப்பவள். ஆனாலும் அசோகனின் கல்வெட்டுகளைப் பற்றி எனக்குத் தேவைக்கு அதிகமாகவே தெரியும். ஓய்வு பாடவேளையில் கொப்பி திருத்தலாம் என்று பேனையை எடுத்தால் போதும், "நுஸ்லா ரீச்சர், ஒரு விசயம் கேட்டனீங்களே?" என்று தொடங்கிவிடுவார். மணி அடிக்கும்வரை மௌரியப் பேரரசுதான்.

மாஸ்டர் பிறந்தது யாழ்ப்பாணப் பக்கத்து வேலணை. முதல் நியமனம் மாத்தளையில் கிடைத்தபோது, இரண்டு வருடத்தில் இடமாற்றம் வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் பெட்டியோடு வந்தாராம். பிறகு யுத்தம் பாதையை மூடியது. பாலேஸ்வரி அக்காவைக் கட்டினார், லோஜனா பிறந்தாள், கோயிலுக்குப் பின்பக்கம் வீடு ஒன்றும் வாங்கியாயிற்று. போன வருடம் அறுபது வயதில் இங்கேயே ஓய்வு பெற்றார். ஆள் மாத்தளைக்காரராகிவிட்டாலும் அவருடைய பேச்சு மட்டும் வேலணையைவிட்டு ஓர் அடி நகரவில்லை. முப்பத்தைந்து வருடம் எங்கள் பிள்ளைகள் அவரைப்போலப் பேசிக்காட்டிச் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார், மாற்றிக்கொள்ளவில்லை.

சாஞ்சியின் தோரண வாசலைக் கரும்பலகையில் அவர் வரைந்தால், அடுத்த பாடத்துக்குப் போகிற எனக்கு அதை அழிக்க மனம் வராது. பலகையின் ஓரத்தில் என் சமன்பாடுகளை ஒடுக்கி எழுதிவிட்டு வந்துவிடுவேன். இத்தனைக்கும் மனிதர் சாஞ்சியைக் கண்ணால் கண்டதில்லை. பக்கத்திலிருக்கும் அலுவிகாரைக்கு வருடம் தவறாமல் பிள்ளைகளைக் கூட்டிப்போவார். திரிபிடகம் எழுதப்பட்ட குகையைக் காட்டிவிட்டு, அது புறப்பட்டு வந்த இடங்களைத் தான் பார்க்கவில்லையே என்று அங்கேயே பெருமூச்சு விடுவார். சாஞ்சி, சாரநாத், கயை, கடைசியாக நேபாளத்தில் லும்பினி. புத்தர் பிறந்த இடத்தில் அசோகன் நட்ட தூணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் கடல் கடந்தபின் தரை வழியாகவே போய்ச் சேரவேண்டும். "பிளேனில போய் இறங்கினா அந்தத் தூரம் விளங்காது ரீச்சர், பிக்குமார் எல்லாம் நடந்துதானே வந்தவை" என்பார். அவர் சைவர். காலையில் விபூதி பூசாமல் வெளியே வராதவர். லும்பினி அவருக்குப் பக்தி இல்லை, படிப்பித்த பாடத்தை ஒருமுறை கையால் தொட்டுவிட வேண்டும் என்ற ஆசை. இந்த வயதில் இப்படியோர் ஆசையை மனதில் வைத்திருக்கும் மனிதர்களை எனக்குப் பிடிக்கும்.

இதையெல்லாம் என்னைவிடப் பொறுமையாகக் கேட்ட ஒரே ஆள் மாடசாமி. மெயின் வீதியில் பேக் கடை வைத்திருப்பவர். ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கட்டாரில் பல வருடம் வேன் ஓட்டி, அந்தக் காசில் கடை போட்டவர். பாடசாலை விட்டதும் மாஸ்டர் நேரே அங்கே போய் ஸ்டூலில் உட்காருவார். மாடசாமி பள்ளிக்கூடப் பைகளுக்கு சிப் தைத்துக்கொண்டே கேட்பார். கிட்டத்தட்ட ஒரே வயது. ஆனாலும் அவர் இவரை "மாஸ்டர், நீங்க" என்பார், இவர் அவரை "மாடசாமி, நீ" என்பார். எங்கள் ஊரில் மாஸ்டர்மாரிடம் எல்லோரும் அப்படித்தானே பேசுகிறோம்.

ஓய்வு பெற்றதும் மாஸ்டர் பயணத்துக்குக் கிளம்பிவிட்டார். பாலேஸ்வரி அக்கா, "எனக்கு முழங்கால் நோகுது, நீங்க போங்கோ. ஆனா தனியப் போக விடமாட்டன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாடசாமிக்குக் கட்டாரில் பழகிய ஹிந்தி தெரியும். கடையை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு, தன் கடையிலிருந்தே இரண்டு பெரிய முதுகுப் பைகளை எடுத்துக்கொண்டு அவரும் கிளம்பினார். எங்கள் ரமழான் நோன்பு தொடங்கிய கிழமை அது. காங்கேசன்துறையில் கப்பல் ஏறும்போது எடுத்த படம் ஒன்று வந்தது. நரைத்த தலையோடு, முதுகில் பையோடு, இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கு முதல்நாள் போகும் பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். ஸ்டாஃப் ரூமே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அதன்பிறகு வாய்ஸ் மெசேஜ் மழை. நாகப்பட்டினம், தஞ்சாவூர், சென்னை என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முழுப் பாடம். சாஞ்சியிலிருந்து வந்ததில் மட்டும் பாடம் இல்லை. "ரீச்சர், நான் இப்ப வாசலுக்கு முன்னால நிக்கிறன்" என்றார், பிறகு வெறும் காற்றுச் சத்தம், பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். அங்கே நம் நாட்டு விகாரையொன்றின் மடத்தில் தங்கினார்களாம். சிங்களத்தில் பேசியதும் பிக்கு சந்தோசப்பட்டு அறை கொடுத்து, தேநீரும் ஊற்றிக் கொடுத்தாராம். அடுத்தது காசி என்றார். அத்தோடு மெசேஜ் நின்றுபோனது. நெட்வேர்க் இல்லையாக்கும் என்று நானும் பாலேஸ்வரி அக்காவும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

நோன்புப் பெருநாளன்று எங்கள் வாசலில் மாஸ்டர் நின்றார். ஒவ்வொரு பெருநாளுக்கும் தேங்காய்ப்பால் வட்டிலப்பம் சாப்பிட வருகிறவர்தான். ஆனால் அந்த நேரம் அவர் நேபாளத்தில் இருந்திருக்க வேண்டும். ஆள் மெலிந்து கறுத்திருந்தார். வட்டிலப்பத்தைக் கரண்டியால் கிண்டினாரே தவிர வாயில் வைக்கவில்லை. "லும்பினி பார்த்தீங்களா மாஸ்டர்?" என்று கேட்டேன். "இல்லை ரீச்சர்" என்றார். அவர் வாயிலிருந்து இத்தனை சிறிய பதில் வந்ததை நான் அன்றுதான் கேட்டேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

காசியில் மலிவான லொட்ஜ்காரர்கள் வெளிநாட்டுப் பாஸ்போட்டைக் கண்டதுமே கையை விரித்துவிட்டார்களாம். வெளிநாட்டுக்காரர் தங்கினால் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும், அந்த வம்பு எதற்கு என்று. அலைந்து களைத்து, தமிழ் யாத்திரிகர்கள் தங்கும் ஒரு சத்திரத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கேதான் மாடசாமி யோசனை சொன்னார்.

"மாஸ்டர், என் பேச்சக் கேட்டா இந்தியாக்காரன்னுதான் நெனப்பாங்க. நீங்க வாயத் தொறந்தா காரியம் கெட்டுரும். பேசாம இருங்க, நான் பாத்துக்கிறேன்."

மலைநாட்டுத் தமிழ் தமிழ்நாட்டுத் தமிழோடு ஒட்டிப்போகும். வேலணைத் தமிழ் எங்கே போனாலும் தலையை நீட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு கூட்டம் தங்கியிருந்தது. அதன் தலைவரை எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். அவர் பெயரைக் கேட்டார். மாடசாமி சொன்னார்.

"மாடசாமியா? அப்ப நம்ம பக்கந்தான்!" அண்ணாச்சி எழுந்து வந்து தோளில் கைபோட்டாராம்.

மாடசாமியின் தாத்தா அந்தப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்கு வந்தவர். அதனால் ஊர்ப் பெயரும் கையிருப்பில் இருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக இடம் கிடைத்துவிட்டது. "கூட வந்தவரு பேச மாட்டேங்குறாரே?" என்று அண்ணாச்சி கேட்க, "என் சிநேகிதருங்க. காசியில மௌன விரதம்" என்றார் மாடசாமி. அதைக் கேட்டதும் மாஸ்டருக்கு மரியாதை கூடிப்போனது. அம்மாமார் சிலர் காலில் விழவும் வந்தார்களாம். இதைச் சொல்லும்போது மாஸ்டர் கொஞ்சம் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. தர்மராஜா மாஸ்டர் கங்கைக் கரையில் வாய் திறக்காமல் இருந்தார் என்றால் எங்கள் பாடசாலையில் ஒரு குஞ்சுகூட நம்பாது.

ஆனால் இருந்திருக்கிறார். கோயில்களில் இருந்திருக்கிறார், படகில் இருந்திருக்கிறார், சாப்பாட்டுப் பந்தியில் சைகையால் ரசம் கேட்டிருக்கிறார். பிறகு கூட்டம் சாரநாத்துக்குப் போனது. புத்தர் முதல் உபதேசம் செய்த இடம். அசோகனின் உடைந்த தூணுக்கு முன்னால் எல்லோரையும் நிறுத்தி அண்ணாச்சி விளக்கம் சொன்னார். "அசோகரு கலிங்கப் போர்ல தோத்துப் போயி, மனசு வெறுத்து, புத்த மதத்துக்கு மாறிட்டாரு."

மாஸ்டர் பொறுக்கவில்லை. எப்படிப் பொறுப்பார்? முப்பத்தைந்து வருடம் விடைத்தாளில் சிவப்பு மையால் திருத்திய பிழை அது.

"இல்லை, இல்லை, அது பிழை! அசோகன் தோக்கேல்லை, வெண்டவன்! வெண்ட பிறகுதான் மனம் மாறினவன். அதுதானே அதில உள்ள பெருமையே!"

சொன்னதோடு நின்றிருந்தாலாவது சமாளித்திருக்கலாம். மனிதர் அங்கிருந்து கல்வெட்டுக்குப் போய், கல்வெட்டிலிருந்து அசோகனின் மகன் மகிந்த தேரருக்குப் போய், அவர் வந்திறங்கிய நம் நாட்டு மிகிந்தலைக்கே வந்துவிட்டாராம். மூச்சு வாங்க நின்றபோதுதான் எல்லோரும் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்திருக்கிறது.

"நீங்க சிலோனா?" என்றார் அண்ணாச்சி.

"ஓம்" என்றார் மாஸ்டர்.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை, பயந்தவர். அறையெல்லாம் அவருடைய ஆதார் அட்டையில் எடுத்தது. கூட்டத்தில் பெண்கள் இருக்கிறார்கள், பொலிஸ் வந்து சிலோன் ஆள் யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்று பதறினார். பிறகு மாடசாமியின் பக்கம் திரும்பினார். "இவரு உங்க சிநேகிதருன்னுதானே சொன்னீக?"

மாடசாமி அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த மான்களைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். திரும்பாமலே சொன்னார். "எனக்கு இவரத் தெரியாதுங்க அண்ணாச்சி. ரயில்ல பாத்தது. பேசாத மனுசன், பாவமேன்னு கூட்டிட்டு வந்தேன்."

மாஸ்டர் மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னால் மாடசாமியையும் சேர்த்துத் துரத்துவார்கள் என்று நினைத்தார். அண்ணாச்சி புளிச்சோற்றுப் பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்து, ஓட்டோவும் பிடித்து ஏற்றிவிட்டார். சத்திரத்தில் பையை எடுத்துக்கொண்டு மாஸ்டர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனார். பயணத்தில் எங்காவது தவறிப்போனால் ஸ்டேஷன் வாசலில் சந்திப்பது என்று இரண்டு பேரும் முன்பே பேசி வைத்திருந்தார்கள்.

"அவன் கெட்டித்தனமாத்தான் அப்பிடிச் சொன்னவன் எண்டு நினைச்சன் ரீச்சர். பின்னால வந்து என்னைப் பிடிப்பான் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டன்."

இரண்டு நாள் நின்றிருக்கிறார். போன் அடித்தால் எடுக்கவில்லை. மூன்றாவது நாள் போய்க் கேட்டபோது, அண்ணாச்சியின் பஸ் ஊருக்குத் திரும்பிவிட்டது என்று சத்திரத்தில் சொன்னார்கள். மாடசாமியும் அதில் ஏறிப் போய்விட்டார். "கோரக்பூர் ரயில் அந்த ஸ்டேஷனிலதான் நிண்டது. அங்கயிருந்து லும்பினி கிட்ட. ஏற மனம் வரேல்லை" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார். சென்னைக்கு ரயிலேறி, ஆசைப்படாத பிளேனிலேயே வீடு வந்து சேர்ந்திருக்கிறார்.

பெருநாளும் அதுவுமாக ஒரு மனிதனைச் சபிக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த மௌன விரதத்தை ஏற்பாடு செய்தவனே மாடசாமிதான். அது கலைந்ததும் முதலில் ஓடியவனும் அவன்தான். அதன்பிறகு மெயின் வீதியில் அந்தக் கடையைக் கடக்கும்போதெல்லாம் மறுபக்கத்துக்கு மாறி நடந்தேன்.

சித்திரைப் புதுவருடம் கழிந்துதான் மாடசாமி ஊருக்கு வந்தார். மாஸ்டர் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. வரட்டும், வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று நானும் காத்திருந்தேன். வருகிற பாடாக இல்லை. ஒரு சனிக்கிழமை பகல் நானே கடைக்குள் ஏறினேன். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார்.

"வாங்க டீச்சர். பேக் பாக்குறீங்களா?"

"பேக் வேணாம். ஒண்ணு கேக்கணும். ரெண்டாயிரத்து எட்டுல ஒங்களப் பொலிசுல புடிச்சிட்டுப் போனப்போ யாரு வந்தது? அந்த நாளையில, வேலணையில பொறந்ததுன்னு எழுதின ஐடென்டிட்டி கார்டோட, பொலிசுக்குள்ள நடந்து வந்து 'இவரைத் தெரியும், நான் பொறுப்பு'ன்னு சொன்னது யாரு?"

ஊரறிந்த விசயம் அது. யுத்தம் நடந்த அந்த நாட்களில் வடக்கில் பிறந்த தமிழர்கள் பொலிஸ் நிலையத்தைக் கண்டால் தெரு மாறுவார்கள். மாஸ்டர் உள்ளே போனார்.

"மாஸ்டர்தான்" என்றார் மாடசாமி. "இல்லேன்னு நான் எப்பயாச்சும் சொல்லியிருக்கேனா? சாகுற வரைக்கும் அந்த நன்றி இருக்கு டீச்சர்."

"அந்த நன்றிக்குத்தான் காசியில தெரியாதுன்னு சொன்னீங்களா? ரெண்டு நாளா ஸ்டேஷன் வாசல்ல நின்டிருக்காரு அந்த மனிசன். வெட்கமா இல்லையா ஒங்களுக்கு?"

அவர் மெஷினில் கிடந்த பையை எடுத்து மடித்தார், பிறகு விரித்தார். "லோஜனா பாப்பா கல்யாணத்துக்கு நீங்க யாழ்ப்பாணம் வரல்லதானே?" என்று கேட்டார்.

நான் போகவில்லை. உம்மா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார்.

"நான் போனேன். தம்புள்ளையில மரக்கறி எடுத்து, என் வேன்லயே ஏத்திட்டு, முந்தின நாளே போயிட்டேன். பந்தல் கட்டுறதுல இருந்து எல்லாம் கூட நின்னேன். கல்யாணத்தன்னிக்கு நல்ல வேட்டி சட்ட போட்டுட்டு மாஸ்டர் பக்கத்துல நிக்கிறேன். மாப்பிள்ளையோட அப்பா வந்து, இவர் ஆர்னு கேட்டாரு. மாஸ்டர் சொன்னாங்க, 'மாத்தளையிலயிருந்து மரக்கறி கொண்டுவந்த ஆள்'னு. அவரு என் பேரக் கேட்டாரு. சொன்னேன். தோட்டத்து ஆள்னு வெளங்கிருச்சு போல, மொகத்தத் திருப்பிட்டுப் போயிட்டாரு. சாப்பாடு டிரைவர்மாரோட பின்னுக்குத்தான் போட்டாங்க."

எனக்கு வந்த பதில் நல்லதாக இல்லை. "அதுக்குப் பழி வாங்கினீங்களா?" என்றேன்.

"பழின்னு நெனச்சு சொல்லல டீச்சர். அது தானா வாயில வந்துருச்சு. மாஸ்டருக்கும் அன்னிக்கு இப்பிடித்தான் தானா வந்திருக்கும்னு அப்பறந்தான் வெளங்கிச்சு." பையின் சிப்பை இழுத்து மூடினார். "என் பேரச் சொன்னதும் ஒருத்தன் தோள்ல கைபோட்டது எனக்கு அதான் மொதத் தடவ. இந்த வயசுல. அந்தக் கைய எடுத்துருவாரோன்னு பயந்துட்டேன். அவ்வளவுதான். தாத்தா ஊருக்கும் கூட்டிட்டுப் போனாங்க. அங்க பாஸ்போட்டப் பாத்துட்டு அவங்களும் சிலோன்காரருன்னுதான் கூப்பிட்டாங்க."

"அப்போ மாஸ்டருக்கிட்ட வந்து இதச் சொல்லலாமே."

"என்னன்னு சொல்றது? பொலிசுல என்னத் தெரியும்னு சொன்ன மனுசன் அவரு. சொந்தக்காரங்க முன்னுக்குத்தான் என்னத் தெரியாமப் போச்சு."

கடையைவிட்டு இறங்கினேன். மாடசாமி செய்தது துரோகம்தான், அதில் எனக்கு இன்றைக்கும் இரண்டு எண்ணம் இல்லை. ஆனால் கடைக்குள் ஏறும்போது இருந்த கோபம் இறங்கும்போது அப்படியே இருக்கவில்லை. வீட்டுக்குப் போகாமல் நேரே கோயிலுக்குப் பின்பக்கத் தெருவுக்கு நடந்தேன். மாடசாமி பொய் சொல்கிறார் என்று மாஸ்டர் சொல்லிவிட வேண்டும் என்று மனம் கிடந்து துடித்தது.

மாஸ்டர் முன்னறையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். பாலேஸ்வரி அக்கா தேநீர் ஊற்றப் போனார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உண்மையாகவே யோசித்தார். நடிக்கவில்லை. இருபது வருடம் பார்த்த முகம், எனக்குத் தெரியும்.

"லோஜனான்ர கலியாணத்திலயோ? அப்பிடி நான் சொன்னனானோ? எனக்கு ஞாபகமில்லையே ரீச்சர்." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "பாலேஸ், மாடசாமியை மரக்கறி கொண்டுவந்த ஆள் எண்டு நான் சம்பந்திக்குச் சொன்னனானே?"

பாலேஸ்வரி அக்கா தட்டோடு வந்தார். "ஓம், சொன்னீங்கள்" என்றார் சாதாரணமாக. "பின்ன, அந்த ஆக்களுக்கு வேற என்னெண்டு சொல்லுறது?"

மாஸ்டர் தலையை ஆட்டினார். அவருக்கு அது விளங்கிவிட்டதாகத் தெரிந்தது. அதில் பிழையாக ஒன்றும் அவருக்குத் தட்டுப்படவில்லை. "அதுக்காகவே ரீச்சர், அவன் என்னை அந்தரத்தில விட்டவன்?" என்று என்னிடமே நியாயம் கேட்டார். அந்த மனிதர் காசியில் பட்ட வேதனை பொய்யில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

தேநீர்க் கோப்பையை எடுத்தேன். அதை வாயில் வைப்பதற்கு முன்பே கேள்வி வந்துவிட்டது.

"நான் அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தா, சம்பந்திக்கிட்ட என்ன யாருன்னு சொல்லியிருப்பீங்க மாஸ்டர்?"

கேட்டதும் சொல்லக்கூடிய பதில்தான். இருபது வருடம் எதிர் மேசை, ஒவ்வொரு பெருநாளும் வட்டிலப்பம். மாஸ்டர் பாலேஸ்வரி அக்காவைப் பார்த்தார். அக்கா மேசையில் சிந்தாத தேநீரைத் துடைத்தார்.

"குடியுங்கோ ரீச்சர், ஆறப்போகுது" என்றார் மாஸ்டர்.